மஞ்சப்பைக் கடிதங்கள்: ஸ்பாம் பெட்டிக் காவலருக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: தங்கள் இலவச மின்னஞ்சலை நம்பிப் பிழைக்கும் ஒரு தமிழ் எழுத்தாளர்.

பெறுநர்: மாண்புமிகு ஸ்பாம் பெட்டிக் காவலர் அவர்கள், மின்னஞ்சல் நிறுவனத் தலைமையகம், கடல் கடந்த ஊர்.

பொருள்: நல்ல கடிதங்களைச் சிறையிலும் திருட்டுக் கடிதங்களைச் சோபாவிலும் உட்கார வைப்பது தொடர்பாக.

பார்வை: தங்கள் உதவிப் பக்கத்தில் ‘இந்தத் தகவல் பயனுள்ளதாக இருந்ததா?’ என்ற கேள்விக்கு நான் அழுத்திய ‘இல்லை’.

ஐயா,

இரவு பகல் பாராமல், சம்பளம் கேட்காமல், ஒரு டீக்குக்கூட வாசலை விட்டு நகராமல் எங்கள் அஞ்சல் பெட்டியைத் தாங்கள் காத்து வருவதை நாடே அறியும். அந்தக் காவலின் அருமையைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நான் நேரிலேயே அனுபவித்தேன்.

எங்கள் ஊரில் ஒரு சிறுகதைத் தொகுப்பு வெளியீடு. மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். நன்றியுரைக்கு வந்த இளைஞர் மைக்கைப் பிடித்தார். “மதிப்புரை வழங்க முதலில் ஒரு மூத்த எழுத்தாளரைத்தான் கேட்டிருந்தோம். இரண்டு தடவை மெயில் போட்டோம். வர முடியாது என்று ஒரு வரி எழுதக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. பரவாயில்லை, பெரியவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். கடைசி நேரத்தில் கூப்பிட்டும் முகம் சுளிக்காமல் வந்து பேசிய பேராசிரியருக்கு நன்றி” என்றார். அரங்கம் கைதட்டியது. யாரய்யா அந்தத் தலைக்கனம் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டு நானும் பலமாகத் தட்டினேன். வெளியே டீ குடிக்கும்போது பதிப்பாளர் பக்கத்தில் வந்து, “என்ன சார், நீங்களே இப்படிப் பண்ணிட்டீங்களே?” என்றார். கையில் இருந்த டீ ஆறிப்போகும்வரை எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தேடல் கட்டத்தில் நன்றியுரை சொன்ன தம்பியின் பெயரைப் போட்டுத் தேடினேன். ‘பொருந்தும் கடிதம் எதுவும் இல்லை’ என்று வந்தது. தங்கள் தேடல் ஸ்பாம் பெட்டிக்குள் காலை வைக்காது என்பதும், அங்கேயும் தேடு என்று தனியாகச் சொன்னால்தான் போகும் என்பதும் அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் முதல் கடிதம் 30 நாள் கெடு முடிந்து தானாகவே அழிந்திருந்தது. இரண்டாவது, லாட்டரிப் பரிசுக்கும் வழுக்கைத் தைலத்துக்கும் நடுவில் கைகட்டி உட்கார்ந்திருந்தது. ‘பெருமதிப்பிற்குரிய ஐயா’ என்று ஆரம்பிக்கும் அழகான கடிதம்.

அதே நேரத்தில் இன்பாக்ஸில், ‘முக்கியம்’ என்ற அடையாளமும் நெற்றியில் பொட்டுமாக, ‘உங்கள் வருமான வரி ரீஃபண்ட் தயார், பெற்றுக்கொள்ள இங்கே அழுத்தவும்’ என்றொரு கடிதம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. ரீஃபண்ட் என்பது ஏற்கெனவே சரிபார்த்து வைத்த வங்கிக் கணக்கில் தானாக வந்து விழுவது. அதற்கு யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை. துறையின் இணையதளமோ இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன். இந்தக் கடிதத்தின் பொத்தான் கூட்டிக்கொண்டு போகும் முகவரியில் ‘கவ்’வும் இல்லை, ‘இன்’னும் இல்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன், ஐயா. கிராமத்திலிருந்து மஞ்சப்பையில் முருங்கைக்காயோடு வரும் மாமாவை, யாரு, எந்த வீடு, போன் பண்ணச் சொல்லு என்று மதியம் வரை வெயிலில் நிறுத்தி வைப்பார்கள். டை கட்டிக் காரில் வருகிறவருக்கு ஒரு சல்யூட் அடித்துக் கதவைத் திறந்து விடுவார்கள். தாங்கள் அந்தப் பரம்பரை என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். தமிழ்நாடு அரசே 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கிவிட்டது. அந்தச் செய்தி இன்னும் தங்கள் வாசலுக்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது. அதுவும் ஸ்பாமில் கிடக்கிறதோ என்னவோ.

தங்கள் வேலையின் கஷ்டம் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கேரி துர்க் என்ற விற்பனைக்காரர், புதிய கணினிகளைப் பார்க்க வாருங்கள் என்று இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பிவைத்தார். பெறுநர் கட்டத்தில் இடம் போதாமல் முகவரிகள் கடிதத்துக்குள்ளேயே வழிந்தன. அன்றைக்கு வாசலில் ஆள் இல்லை. அதற்குப் பிறகு பில் கேட்ஸே 2004 ஜனவரியில் டாவோஸில் உட்கார்ந்துகொண்டு, இரண்டே வருஷத்தில் ஸ்பாம் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சொன்னார். அவர் சொன்ன 2006 போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்று காலைகூட என் பெட்டிக்கு ஏதோ ஒரு நாட்டு இளவரசரின் விதவை எழுதியிருக்கிறார்.

தங்கள் குலப்பெருமையும் எனக்குத் தெரியும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியாரின் நிகழ்தகவுக் கணக்கை எடுத்து, எந்தச் சொல் எத்தனை முறை திருட்டுக் கடிதத்தில் வருகிறது, எத்தனை முறை நல்ல கடிதத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்த்தே ஸ்பாமைப் பிடித்துவிடலாம் என்று 2002இல் பால் கிரஹாம் என்ற கணினி நிரலாளர் எழுதினார். அந்தக் காலத்துக் காவலர்கள் அந்தக் கணக்கில் வளர்ந்தவர்கள். இப்போது தாங்கள் அதையும் தாண்டி, அனுப்புகிறவரின் ஊர், பேர், பூர்வீகம், நடத்தை எல்லாவற்றையும் இயந்திரக் கற்றலால் எடை போடுகிறீர்கள். இத்தனை படித்த காவலருக்கு ‘பெருமதிப்பிற்குரிய’ என்ற சொல்லைப் பார்த்ததும் ஏன் கை நடுங்குகிறது என்பதுதான் தெரியவில்லை. தமிழ்க் கடிதம் என்றாலே தங்களுக்கு ஒரு சந்தேகப் பார்வை வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அந்தப் பதிப்பகத் தம்பிகளைக் கூப்பிட்டு விசாரித்தேன். பதிப்பகத்துக்குப் புதிதாக டொமைன் வாங்கியிருக்கிறார்கள். அதிலிருந்து எழுதினால் கௌரவம் என்று எழுதியிருக்கிறார்கள். எஸ்பிஎஃப், டீகிம், டீமார்க் மூன்றும் போடவில்லை. இந்த டொமைன் பெயரில் கடிதம் அனுப்ப எந்தெந்தக் கணினிக்கு உரிமை உண்டு என்று ஊரறிய எழுதி வைக்கும் பட்டியல் எஸ்பிஎஃப். வழியில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கான முத்திரை டீகிம். இவை ஒத்துப்போகாத கடிதத்தை என்ன செய்யலாம் என்று டொமைன்காரரே சொல்லிவைப்பது டீமார்க். 2024 பிப்ரவரி முதல், பெருமளவில் (கூகுள் கணக்கில் ஒரு நாளைக்கு 5000க்கு மேல்) கடிதம் அனுப்புகிறவர்கள் மூன்றும் வைத்திருக்க வேண்டும், ஆயிரத்துக்கு மூன்று பேர்கூட ஸ்பாம் என்று புகார் செய்யும் நிலை வரக் கூடாது என்று கூகுளும் யாஹூவும் விதி போட்டன. நல்ல விதிதான்.

ஆனால் அந்த ரீஃபண்ட் கடிதத்தின் அசல் விவரத்தைத் திறந்து பார்த்தேன். எஸ்பிஎஃப் பாஸ். டீகிம் பாஸ். டீமார்க் பாஸ். மூன்று பாடத்திலும் சென்டம். அனுப்பிய டொமைனின் பெயர் ஏதோ நாற்காலிக் கடை மாதிரி இருந்தது. இந்த மூன்று சான்றும், கடிதம் நாற்காலிக் கடையிலிருந்துதான் வந்தது என்பதற்குச் சாட்சி. நாற்காலிக் கடை எப்போது வருமான வரித் துறை ஆனது என்று கேட்க அவற்றுக்கு அதிகாரமில்லை. மேலே தெரியும் ‘இன்கம்டாக்ஸ் டிபார்ட்மென்ட்’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்துகொள்ளலாம். திருடனிடம் அடையாள அட்டை பக்காவாக இருந்ததால் தாங்கள் சல்யூட் அடித்தீர்கள். மஞ்சப்பைக்காரர்களிடம் அட்டை இல்லை. முருங்கைக்காய் மட்டும்தான் இருந்தது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட வித்தைகளையும் தங்கள் பாதத்தில் வைக்கிறேன். பெயரை நம்பாமல், பெயரைத் தொட்டு உள்ளே இருக்கும் முகவரியைப் படிக்கிறேன். ஆங்கில ஆர், என் இரண்டையும் நெருக்கி வைத்தால் எம் போலத் தெரியும் என்பதால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படிக்கிறேன். இணைப்பின் மேல் சுட்டியை வைத்தால் அது போகும் இடம் கீழே ஓரத்தில் தெரியும். கைப்பேசியில் என்றால் விரலை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடிக்கும்போது விரல் நழுவினால் அதோடு கதை முடிந்தது. அறுபதைத் தாண்டியவர்களின் விரலை வைத்து இந்த ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்த மகானை ஒருமுறை தரிசிக்க ஆசை.

‘சந்தாவை விலக்கு’ என்ற பொத்தானைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜவுளிக்கடையோ புத்தகக்கடையோ நாமே முகவரி கொடுத்த இடத்திலிருந்து வரும் கடிதம் என்றால் அதை அழுத்தலாம், நின்றுவிடும். முன்பின் தெரியாதவர் அனுப்பியதன் அடியில் இருக்கும் அதே பொத்தானை அழுத்தினால், ‘இந்த வீட்டில் ஆள் இருக்கிறது’ என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. அதற்குப் பிறகு ஒன்று வந்த இடத்தில் ஒன்பது வரும். இரண்டு பொத்தானும் பார்வைக்கு ஒரே அச்சு. கடிதத்துக்கு மேலே, தங்கள் கம்பெனியே வைக்கும் விலக்கல் பொத்தான் வேறு, கடிதத்துக்குள் திருடன் வரைந்து வைத்திருக்கும் பொத்தான் வேறு என்று ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? ‘ஐயா, என்னை விட்டுவிடுங்கள்’ என்று பதில் எழுதுகிறவர்களும் உண்டு. அனுப்புநர் முகவரியே பெரும்பாலும் களவாடியது என்பதால், அந்தக் கெஞ்சல் எங்கோ இருக்கும் ஒரு அப்பாவியின் பெட்டியில் போய் விழுகிறது. அவர் அதை ஸ்பாம் என்று புகார் செய்கிறார். தாங்கள் அவருக்கு உடனே செவி சாய்க்கிறீர்கள்.

படங்கள் இன்னொரு கூத்து. கடிதத்தில் கண்ணுக்கே தெரியாத ஒற்றைப் புள்ளி அளவு படத்தை ஒட்டி அனுப்புவார்கள். கடிதத்தைத் திறந்ததும் அந்தப் படம் அவர்கள் கணினியிலிருந்து இறங்கும், நாம் திறந்த நேரம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஜிமெயில் 2013 டிசம்பரில் படங்களைத் தன் கணினி வழியாகவே இறக்கித் தர ஆரம்பித்ததால் நம் இருப்பிடம் மறைந்தது. ஆனாலும் திறந்தோம் என்ற தகவல் போகாமலில்லை. ‘வெளிப் படங்களைக் கேட்டுவிட்டுக் காட்டு’ என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அமைப்புகள் பக்கத்தின் எந்த மூலையில் என்பதைக் கண்டுபிடிக்கிறவருக்குத் தாங்கள் பரிசு வைக்கலாம்.

இவ்வளவு பொத்தானும் இவ்வளவு பாடமும் எதற்காக, ஐயா? இன்பாக்ஸ் மட்டும் போதும், ஸ்பாம் பெட்டிப் பக்கமே போகாதே என்றால் போகாமலே இருந்திருப்போம். தாங்கள்தான் மஞ்சப்பைக்காரர்களை அங்கே கொண்டுபோய் அடைக்கிறீர்கள். அவர்களை மீட்க வாரம் ஒருமுறை அந்தக் கூட்டத்துக்குள் நாங்கள் நுழைய வேண்டியிருக்கிறது. ஆபத்து அங்கேதான்.

எங்கள் தெருவில் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா இருக்கிறார். ஒருமுறை ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை என்று பரிசோதனைக் கூடத்தோடு சண்டை போட்டார். முடிவு ஸ்பாமில் கிடந்தது. இன்னொரு முறை பேத்தியின் கல்லூரிக் கடிதம் அங்கே கிடந்தது. ஆக, ஸ்பாம் பெட்டியிலும் உத்தமர்கள் இருப்பார்கள் என்ற பாடத்தை அவருக்கு நடத்தியது தாங்கள்தான். நவம்பரில், ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கும் மாதத்தில், ‘உங்கள் ஜீவன் பிரமாண் நிராகரிக்கப்பட்டது, 24 மணி நேரத்தில் ஓய்வூதியம் நிற்கும்’ என்று ஒரு கடிதம் வந்தது. தாங்கள் அதைச் சரியாகப் பிடித்து ஸ்பாமில்தான் போட்டிருந்தீர்கள். படங்கள் மறைந்திருந்தன, இணைப்புகள் முடங்கியிருந்தன. அவர் ‘ஸ்பாம் அல்ல’ என்பதை அழுத்தினார். அவ்வளவுதான். தாங்கள் போட்ட பூட்டு அத்தனையும் ஒரே அழுத்தில் திறந்துகொண்டது. கடிதம் இன்பாக்ஸில் வந்து உட்கார்ந்தது, இணைப்பு உயிர்பெற்றது. சேமிப்பில் பெரும்பகுதி போயிற்று.

வங்கியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? “நீங்களேதானேம்மா அழுத்தினீங்க?” என்றார்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலைச் சுற்றறிக்கையில் போட்ட விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை அவர் பொறுப்பு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அந்த அம்மா வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் அழுதுகொண்டு இருந்தார். அதற்குள் மிச்சமும் போய்விட்டது. இதில் எனக்குச் சிரிக்க ஒன்றுமில்லை. நான் ஒரு ஜோடி செருப்பைத் தேடினால், போகும் பக்கமெல்லாம் பின்னாலேயே செருப்பைக் காட்டத் தெரிகிறது இந்தக் கம்பெனிகளுக்கு. ஒரு வயதான பெண்ணின் விரல் அந்தப் பொத்தானை நோக்கிப் போகும்போது, ‘அம்மா, இது திருட்டுக் கடிதம் என்று நினைக்கிறோம், பணமோ கடவுச்சொல்லோ கேட்டால் கொடுக்காதீர்கள்’ என்று தமிழில், பெரிய எழுத்தில், ஒரே ஒரு வரி போடத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல மாட்டேன். அதில் காசு வராது.

மன்னிக்க வேண்டும், காவலர் ஐயா. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தாங்கள் உத்தியோகத்தில் இருப்பவர். மேலிடத்துக் கட்டளைப்படி சல்யூட் அடிக்கிறீர்கள்.

எங்கள் பக்கத்துச் சட்டமும் தங்களுக்குச் சாதகம்தான். அமெரிக்காவிலாவது 2003இலேயே கேன்-ஸ்பாம் சட்டம் போட்டார்கள். அதை மதித்த ஸ்பாம்காரரை நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். இந்தியாவில் ஸ்பாம் மெயிலுக்கென்று தனிச் சட்டமே கிடையாது. அந்தப் பக்கம் லேசாகத் தொட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, பேச்சுரிமைக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. அந்தப் பிரிவு போனதில் எனக்கு வருத்தமில்லை. 1909 என்ற தொந்தரவுத் தடுப்பு எண் குறுஞ்செய்திக்கும் போன் அழைப்புக்கும் மட்டும். மின்னஞ்சலுக்கு வாசலில் நிற்பது தாங்கள் ஒருவர்தான்.

ஆகவே தங்களிடமே மன்றாடுகிறேன். தேடும்போது ஸ்பாம் பெட்டிக்குள்ளும் எட்டிப் பாருங்கள். அங்கே பொருந்துவது ஏதாவது இருந்தால் ‘அந்தப் பக்கம் ஒரு மஞ்சப்பை நிற்கிறது’ என்றாவது சொல்லுங்கள். அழிப்பதற்கு முந்தைய நாள் இவர்களை வெளியே தள்ளப் போகிறோம் என்று ஒரு பட்டியல் கொடுங்கள். ‘ஸ்பாம் அல்ல’ என்பதை ஒரே அழுத்தில் எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவியாக வைக்காதீர்கள். கடிதம் இன்பாக்ஸுக்கு வரட்டும், இணைப்பும் இணைப்புக் கோப்பும் இன்னும் ஒரு நாள் பூட்டியே இருக்கட்டும். கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பையும், அதைத் திறக்கும் கடவுச்சொல்லையும் ஒரே கடிதத்தில் அனுப்புகிறவன், தாங்கள் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் பூட்டியிருக்கிறான். அவனை டை கட்டியிருந்தாலும் நிறுத்துங்கள்.

பதில் போட வேண்டும் என்று தாங்கள் நினைத்தால், 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தங்களைப் போன்ற நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், குறித்த கெடுவுக்குள் தீர்க்க வேண்டும் என்பதை நினைவூட்டுகிறேன். சந்தேகம் வேண்டாம், இதைத் தபாலில்தான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசலில் மஞ்சப்பையோடு நிற்கும்,
ஒரு வாடிக்கையாளர்.

பி.கு.: இது காவலருக்கு அல்ல, வாசிக்கும் உங்களுக்கு. ஸ்பாம் பெட்டிக்குள் போனால் தலைப்பையும் அனுப்புநர் முகவரியையும் மட்டும் பாருங்கள். தெரிந்தவர் என்றால் ‘ஸ்பாம் அல்ல’ என்று அழுத்துவதற்கு முன் அவருக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். மீட்ட பிறகு அவர் முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். வங்கி, வரி, ஓய்வூதியம் என்று எந்தக் கடிதம் வந்தாலும் அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், அந்தத் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றைக்கே போட்டு வையுங்கள். பணம் போனது தெரிந்தால் அழுவதற்கு முன், யாரிடமும் வெட்கப்படாமல், 1930 என்ற எண்ணுக்கு அடியுங்கள். அடுத்த அழைப்பு வங்கிக்கு.